நியூட்டன் நைட்: ஒரு மிசிசிப்பி விவசாயியின் போரும் குடும்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் லிங்கனில் ஆரம்பித்து கெட்டிஸ்பர்க்கில் முடித்துவிடுவார்கள். எனக்கோ மிசிசிப்பியின் பைன் காட்டுக்குள் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயிதான் முதலில் நினைவுக்கு வருவார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் துப்பாக்கிச் சண்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போர் முடிந்த பிறகு அவர் வாழ்ந்த ஐம்பத்தேழு வருடங்களை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சுருக்கமாக, யார் இந்த நியூட்டன் நைட்?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜோன்ஸ் கவுண்டியும் ஜாஸ்பர் கவுண்டியும் சந்திக்கும் பகுதியில் வாழ்ந்த சிறு விவசாயி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). அடிமை முறையைக் காப்பதற்காகத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உருவாக்கிய கான்ஃபெடரேட் அரசின் படையில் சேர்ந்தார். 1862 கடைசியில் அதை விட்டு வெளியேறினார். பிறகு தன்னைப் போலவே வெளியேறிய விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு அதே படையை எதிர்த்துச் சண்டை போட்டார். போருக்குப் பின், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ரேச்சல் என்ற கறுப்பினப் பெண்ணோடு வெளிப்படையாகக் குடும்பம் நடத்தினார். 1922-இல் இறந்தார்.

எந்த வருடம் பிறந்தார்? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

1829 என்பார்கள், 1830 என்பார்கள், 1837 என்றும் இருக்கிறது. குடும்பத்தார் சொன்னது ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிந்தது வேறொன்று. அந்தக் காலத்துக் கிராமத்துக் குடும்பங்களில் இது சகஜம்தான். வயதைக் கணக்காக வைத்துப் பேச வேண்டிய இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள்.

அவர் ஊர் எப்படிப்பட்டது? மிசிசிப்பி என்றால் பருத்தித் தோட்டங்கள்தானே?

மிசிசிப்பி ஆற்றோரம் அப்படித்தான். ஜோன்ஸ் கவுண்டி இருப்பது மாநிலத்தின் தென்கிழக்கில். உயரமான பைன் மரங்கள், மணல் கலந்த மண், இடையிடையே சதுப்பு, நடுவே ஓடும் லீஃப் ஆறு. பருத்தி பெரிதாக விளையாது. மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடுவார்கள். பன்றியையும் மாட்டையும் காதில் அடையாளம் வெட்டிக் காட்டில் மேய விட்டுவிடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் இருந்தால் விற்பது. அவ்வளவுதான் பொருளாதாரம்.

1860 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 3,323. அதில் அடிமைகளாக இருந்தவர்கள் 407 பேர், அதாவது சுமார் 12 சதவீதம். மிசிசிப்பி முழுவதையும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல், சுமார் 55 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும். அடிமை முறையைக் காக்க உயிரைக் கொடுக்க அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்குக் காரணமே இல்லை. பிரிவினை வேண்டாம் என்று சொன்ன ஜான் பாவல் என்பவரைத்தான் மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதியாக அனுப்பினார்கள். 1861 ஜனவரி 9 அன்று 84-க்கு 15 என்ற கணக்கில் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியது. பாவல் கடைசியில் பிரிவினைக்கே ஓட்டுப் போட்டுவிட்டார். ஊரில் அந்தக் கோபம் ஆறவில்லை.

நைட் குடும்பமே அடிமைகள் வைத்திருந்த குடும்பம்தானே?

ஆமாம், அதை மறைக்கக் கூடாது. நியூட்டனின் தாத்தா ஜாக்கி நைட் அந்த வட்டாரத்தில் அதிக அடிமைகளை வைத்திருந்தவர்களில் ஒருவர். ஆனால் நியூட்டனின் அப்பா ஆல்பர்ட்டிடம் அடிமைகள் கிடையாது, நியூட்டனும் வைத்துக்கொண்டதில்லை. 1858-இல் செரீனா டர்னர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, கவுண்டி எல்லையைத் தாண்டி ஜாஸ்பர் பக்கம் சொந்தமாக நிலம் திருத்திக் குடியேறினார். ஆள் ஆறடிக்கு மேல் உயரம். குடிப்பழக்கம் இல்லாத, பக்தியுள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்.

தாத்தா 1856-இல் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தவர்களில் ஓர் இளம்பெண் இருந்தாள். பெயர் ரேச்சல். தாத்தா 1861-இல் இறந்ததும், நிலத்தையும் மாடுகளையும் போலவே அவளும் உயில்படி கைமாறி நியூட்டனின் சித்தப்பா ஜெஸ்ஸி டேவிஸ் நைட்டிடம் போனாள். ரேச்சலைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அடிமை முறையை எதிர்த்தவர் என்றால் ஏன் முதலில் கான்ஃபெடரேட் படையில் சேர்ந்தார்?

1862 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. நாமாகவே முன்னால் சேர்ந்துகொண்டால் சொந்த ஊர்க்காரர்களோடு ஒரே பிரிவில் இருக்கலாம்; இல்லையென்றால் எங்கே தூக்கிப்போடுவார்கள் என்று தெரியாது. அப்படித்தான் அந்த ஊர் இளைஞர்கள் கூட்டமாக 7-ஆம் மிசிசிப்பி பட்டாலியனில் சேர்ந்தார்கள். நியூட்டன் அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை உதவியாளராக இருந்தார். துப்பாக்கி தூக்கிச் சண்டை போட விருப்பமில்லாமல்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கியதாகப் பின்னாளில் சொன்னார்.

அப்புறம் ஏன் ஓடிவந்தார்?

ஒரே ஒரு காரணம் சொன்னால் அது முழு உண்மையாக இருக்காது. ஆனால் எல்லோரும் சுட்டுவது 1862 அக்டோபர் 11 அன்று வந்த ஒரு சட்டத்தை. இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்கார ஆணை ராணுவச் சேவையிலிருந்து விலக்கலாம் என்றது அது. அதே மாதம் 3, 4 தேதிகளில்தான் காரிந்த் என்ற ஊரில் பெரும் சண்டை நடந்து, மிசிசிப்பிப் பையன்கள் கும்பல் கும்பலாக விழுந்திருந்தார்கள். சட்டத்தின் செய்தி முகாமுக்கு வந்ததும் ஜாஸ்பர் காலின்ஸ் என்ற பக்கத்து ஊர்க்காரர், இது பணக்காரன் போர், சண்டை போடுவது மட்டும் ஏழை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். (இந்தக் காலின்ஸ் போருக்குப் பின் பிறந்த தன் மகனுக்கு, தெற்கைத் தோற்கடித்த இரண்டு தளபதிகளின் பெயரைச் சேர்த்து யுலிசிஸ் ஷெர்மன் என்று வைத்தார். மிசிசிப்பியில் இருந்துகொண்டே!)

நவம்பர் வாக்கில் நியூட்டனும் வெளியேறினார். வீட்டுக்கு வந்தால் அங்கே நிலைமை மோசம். உழ ஆள் இல்லை, பெண்களும் குழந்தைகளும்தான் மிச்சம். 1863-இல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துக்கொள்ளும் சட்டமும் வந்தது. வரி அதிகாரிகள் மக்காச்சோளம், பன்றி இறைச்சி, துணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அரசின் படைக்குக் கணவனைக் கொடுத்துவிட்டு, அதே படை வந்து களஞ்சியத்தையும் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஜோன்ஸ் கவுண்டியின் கலகம் அந்தக் களஞ்சியங்களில் ஆரம்பித்தது என்றுதான் நான் சொல்வேன்.

'நைட் கம்பெனி' எப்படி உருவானது?

1863 ஜூலை 4 அன்று, கான்ஃபெடரேட் வசம் இருந்த விக்ஸ்பர்க் கோட்டை வடக்குப் படையிடம், அதாவது அமெரிக்க அரசின் படையிடம், வீழ்ந்தது. சரணடைந்தவர்களில் 7-ஆம் பட்டாலியனும் ஒன்று. இனி போரிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பலர் மறுபடி படைக்குப் போகவே இல்லை. அவர்களைப் பிடித்துவர மேஜர் ஏமஸ் மெக்லெமோர் என்ற உள்ளூர் அதிகாரி அனுப்பப்பட்டார். அக்டோபர் 5 அன்று எல்லிஸ்வில் ஊரில் ஏமஸ் டீசன் வீட்டில் தங்கியிருந்தபோது யாரோ அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது நியூட்டன்தான் என்று ஊரே நம்பியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 13 அன்று, நான்கு கவுண்டிகளைச் சேர்ந்த ஆண்கள் கூடி ஒரு கம்பெனியை, அதாவது சிறு படைப்பிரிவை, அமைத்து நியூட்டனைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பின்னாளில் கொடுத்த பட்டியலில் ஐம்பத்தைந்து பேர் வரை இருக்கிறார்கள்.

லீஃப் ஆற்றுச் சதுப்புக்குள் ஒளிந்திருப்பார்கள். ஆபத்து என்றால் கொம்பு ஊதிச் செய்தி சொல்வார்கள். வேட்டை நாய்களை ஏவித்தான் இவர்களைத் தேடினார்கள். நாய்களைத் திசைதிருப்ப, நடந்துவந்த தடத்தில் மிளகாய்ப்பொடியைத் தூவுவார்களாம். வெள்ளைக்காரப் பெண்களும் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களும்தான் சோறும் செய்தியும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். காட்டுக்குள் நாயிடமிருந்து தப்புவது எப்படி என்பது தப்பி ஓடிய அடிமைகளுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த வித்தை. அந்த அறிவு இல்லாமல் இந்த வீரர்கள் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டார்கள். பக்கத்து ஊரான பால்டிங்கில் அரசு சேர்த்து வைத்திருந்த சோளத்தைக் கைப்பற்றி மக்களுக்குக் கொடுத்ததும் இந்தக் கம்பெனிதான்.

ஜோன்ஸ் கவுண்டி தனி நாடாக அறிவித்துக்கொண்டது உண்மையா?

இல்லை. அது பின்னால் ஊதிப் பெரிதாக்கப்பட்ட கதை. நியூட்டனின் வாதம் அதற்கு நேர் எதிரானது: ஜோன்ஸ் கவுண்டி மக்கள் அமெரிக்காவை விட்டுப் பிரியவே சம்மதிக்கவில்லை, அப்படியிருக்க எதிலிருந்து பிரிவது?

கான்ஃபெடரேட் அரசு சும்மாவா இருந்தது?

1864 ஏப்ரலில் கர்னல் ராபர்ட் லோரி தலைமையில் படை வந்தது. சில நாட்களில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். தந்தையை மிரட்டி மகன் ஒளிந்திருக்கும் இடத்தைக் கறந்தார்கள். பலர் மீண்டும் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள், சிலர் நியூ ஆர்லியன்ஸ் வரை தப்பிப்போய் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். நியூட்டனை மட்டும் பிடிக்க முடியவில்லை. அந்த லோரி 1882-இல் மிசிசிப்பியின் ஆளுநராகி எட்டு வருடம் ஆண்டார். சொந்த அண்ணன் தம்பியைத் தூக்கில் பார்த்தவர்கள் அந்த எட்டு வருடமும் அவருக்குக் கீழ்தான் வரி கட்டி வாழ்ந்தார்கள்.

போர் முடிந்ததும் என்ன செய்தார்?

உடனே கிடைத்த வேலை, பசியில் இருந்த குடும்பங்களுக்கு வடக்குப் படையின் சார்பில் உணவுப்பொருள் பங்கிட்டுக் கொடுப்பது. விடுதலைச் சட்டம் வந்த பிறகும் பிள்ளைகளை விடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர்களிடமிருந்து கறுப்பினக் குழந்தைகளை மீட்டு வரவும் அனுப்பப்பட்டார். 1872-இல் மத்திய அரசின் துணை மார்ஷல் ஆனார். 1875-இல் ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ் அவரை ஒரு கறுப்பினப் படைப்பிரிவுக்குக் கர்னலாக நியமித்தார். அந்த வருடமே தேர்தலில் வெள்ளையர் வன்முறையால் ஆட்சி கைமாறியது, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு உரிமைகள் தந்து தெற்கைத் திருத்தியமைக்க முயன்ற மறுசீரமைப்புக் காலம் மிசிசிப்பியில் முடிந்தது. நியூட்டன் தன் நிலத்துக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கிடையே தோற்ற தரப்பு சும்மா இருக்கவில்லை. 1865-இல் மாநிலச் சட்டமன்றத்தில் சொல்லி, ஜோன்ஸ் கவுண்டியின் பெயரையே டேவிஸ் கவுண்டி என்று, கான்ஃபெடரேட் அதிபரின் பெயரால் மாற்றினார்கள். எல்லிஸ்வில் 'லீஸ்பர்க்' ஆனது. சில வருடங்களில் பழைய பெயர்கள் திரும்பி வந்தன.

முன்னாள் படைவீரருக்கான பென்ஷன் கிடைத்ததா?

இல்லை, அதற்காக மனிதர் முப்பது வருடம் அலைந்தார். 1870-லிருந்து மனு மேல் மனு. நாங்கள் அமெரிக்க அரசுக்காகத்தான் போரிட்டோம், எங்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்பது கோரிக்கை. காங்கிரஸில் மசோதாவாக வந்தது, நிறைவேறவில்லை. பிறகு வழக்காக உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே கேட்ட கேள்வி இதுதான்: நீங்கள் வடக்குப் படையில் முறைப்படி சேர்ந்ததற்கு ஆதாரம் எங்கே? காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களிடம் ஏது பதிவேடு! ஜாஸ்பர் காலின்ஸ் போன்ற கிழவர்கள் 1895-இல் சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொன்னார்கள். 1900-இல் கோரிக்கை தள்ளுபடியானது. ஆனால் ஒரு நன்மை நடந்தது. அந்த வழக்குக் கட்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. கம்பெனியில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிவது அந்தத் தோற்றுப்போன வழக்கால்தான்.

செரீனாவா, ரேச்சலா? யார் மனைவி?

சட்டப்படி செரீனா. இருவருக்கும் நிறையக் குழந்தைகள். போருக்குப் பின் ரேச்சலும் அதே பண்ணையில் வந்து குடியேறினார், அவருக்கும் நியூட்டனுக்கும் குழந்தைகள் பிறந்தார்கள். நியூட்டன் ரேச்சலுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். அன்றைய மிசிசிப்பியில் தன் பெயரில் அவ்வளவு நிலம் வைத்திருந்த கறுப்பினப் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நினைக்கிறேன்.

இரண்டு குடும்பமும் ஒரே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில். பிறகு பிள்ளைகள் காலத்தில் முடிச்சு இன்னும் இறுகியது. 1878 வாக்கில் செரீனாவின் மகன் மேட், ரேச்சலின் மகள் ஃபேனியைக் கல்யாணம் செய்துகொண்டார். செரீனாவின் மகள் மாலி, ரேச்சலின் மகன் ஜெஃப்ரியைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைச் சமூகம் அந்தக் குடும்பத்தை மொத்தமாக ஒதுக்கி வைத்தது. நியூட்டன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட உதவினார். திறந்த பிறகு ரேச்சலின் பிள்ளைகள் போனால் வாத்தியார் உள்ளே விடவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. யார் கொளுத்தியது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

செரீனா பிற்பாடு நியூட்டனின் வீட்டை விட்டுப் பிரிந்து, மகள் மாலியோடும் மருமகன் ஜெஃப்ரியோடும் போய் இருந்தார். அதாவது, ரேச்சலின் மகன் வீட்டில். எத்தனையோ கோபம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த மருமகன் கையால்தான் சாப்பிட்டார்.

இதை ஒரு காதல் கதையாகச் சொல்கிறார்களே?

எனக்கு அதில் தயக்கம் உண்டு. ரேச்சல் சிறுமியாக இருந்தபோதே விற்கப்பட்டவர். அவருடைய மூத்த பிள்ளைகள் அவர் சம்மதம் கேட்காத வெள்ளைக்காரர்களுக்குப் பிறந்தவர்கள் என்பதே பெரும்பாலும் நடந்திருக்கும். போரின்போது நியூட்டனுக்கு உதவினார், போருக்குப் பின் கடைசிவரை அவரோடு இருந்தார், 1889-இல் இறந்தார். அவர் சொன்னது என்று ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ரேச்சல் இறந்த பிறகு, அவருடைய மூத்த மகள் ஜார்ஜியானோடு நியூட்டன் வாழ்ந்தார் என்றும், அவருக்கும் நியூட்டன் மூலம் குழந்தைகள் உண்டு என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நியூட்டனை மதிக்கிற நான் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் தன் கறுப்பினப் பிள்ளைகளை ஒளித்து வைக்கவில்லை. அந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் ஒளித்து வைத்தார்கள். அந்த வித்தியாசம் நிஜம்.

எங்கே புதைக்கப்பட்டார்?

சோசோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே உள்ள குடும்ப மயானத்தில், ரேச்சலின் பக்கத்தில். வெள்ளையரும் கறுப்பரும் செத்த பிறகுகூட ஒரே மண்ணில் படுக்கக் கூடாது என்று இருந்த காலம் அது. 1922 பிப்ரவரி 16 அன்று இறந்த அவரைக் குடும்பத்தார் அங்கேயே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கல்லில் 'மற்றவர்களுக்காக வாழ்ந்தார்' என்று பொறித்திருக்கிறது.

1948 வழக்கு என்கிறார்களே, அது என்ன?

நியூட்டன்–ரேச்சல் வழிவந்த கொள்ளுப்பேரன் டேவிஸ் நைட், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். 1946-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவர் உடம்பில் எட்டில் ஒரு பங்கு 'நீக்ரோ ரத்தம்' ஓடுகிறது, ஆகவே கல்யாணம் குற்றம் என்று 1948-இல் எல்லிஸ்வில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். செத்து ஐம்பத்தொன்பது வருடமான ரேச்சலின் தலைமுடி எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது என்று கிழவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களில் நியூட்டனுக்கும் செரீனாவுக்கும் பிறந்த மகன் டாமும் ஒருவர்! ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பு. 1949-இல் மாநில உச்ச நீதிமன்றம், ரேச்சல் முழுக்கக் கறுப்பினத்தவர் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கும் நிற்காது என்று சொல்லி அதை ரத்து செய்தது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 1967-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிச் சட்டங்களை நாடு முழுவதும் செல்லாது என்றது.

இந்தக் குடும்பத்துக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டாமே?

உண்டு, இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குக் குறிப்பாகப் பிடிக்கும். ஜார்ஜியானின் மகள், அதாவது ரேச்சலின் பேத்தி, அன்னா நைட். 1874-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் கிடையாது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். தாள், பென்சில் இல்லாததால் குச்சியால் மண்ணில் எழுதிப் பழகினார். பிறகு மிச்சிகன் போய் பேட்டில் கிரீக்கில் செவிலியர் படிப்பை முடித்தார். 1898-இல் ஊருக்குத் திரும்பி, தன் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் மிரட்டியதால், பாடம் நடத்தப் போகும்போது துப்பாக்கியோடு போனார்.

1901-இல் செவந்த்-டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியராகக் கப்பலேறி இந்தியா வந்தார். கல்கத்தாவிலும் கர்மாடாரிலும் வேலை செய்தார். கர்மாடார் இன்றைய ஜார்க்கண்டில் உள்ளது, ஈசுவர சந்திர வித்யாசாகர் தன் கடைசி வருடங்களைக் கழித்த அதே ஊர். ஆறு வருடம் இங்கே இருந்துவிட்டு 1907-இல் திரும்பினார். பாட்டி சந்தையில் வாங்கப்பட்டு மிசிசிப்பிக்கு வந்தவர், பேத்தி தானே விரும்பிக் கடல் தாண்டி வங்காளத்துக்கு வந்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். 1972 வரை வாழ்ந்தார்.

இன்று அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

எல்லிஸ்வில்லில் மெக்லெமோர் சுடப்பட்ட டீசன் வீடு இன்னும் நிற்கிறது. எவ்வளவு கழுவினாலும் தரையில் ரத்தக்கறை திரும்ப வந்துகொண்டே இருந்தது என்று கதை சொல்வார்கள். சோசோவுக்கு அருகே உள்ள மயானம் குடும்பத்தாருடையது. அங்கே போக நினைத்தால் முதலில் ஊரில் விசாரித்து, அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.